‘ஒத்துக்கோ... ஃபைன் கட்டு... கிளம்பு!’ - அவ்ளோதானா மச்சி?

கோர்ட்டுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுத்தியலைத் தட்டி ‘ஆர்டர்... ஆர்டர்’னு கத்துற ஜட்ஜ், ‘அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்’னு எகிறிக் குதிக்கிற வக்கீல், கடைசி நிமிஷத்துல ‘நிறுத்துங்க!’ன்னு ஓடி வர்ற சாட்சி... அப்படித்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. என் ரூம்மேட் பேருக்கு ஒரு சம்மன் வர்ற வரைக்கும்!

சென்னையில ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அவன்கூட ஆறு மாசம் அலைஞ்சேன். சுத்தியலும் இல்லை, ஆர்டரும் இல்லை. ஆனா செமஸ்டர்ல கத்துக்காத பல மேட்டரை அந்த வராண்டாவுல கத்துக்கிட்டேன். நாளைக்கே உங்களுக்கோ, உங்க ஃப்ரெண்டுக்கோ தேவைப்படலாம். (தேவைப்படவே கூடாது சாமி!) அதான் இந்தக் கட்டுரை.

வந்துச்சுய்யா சம்மன்!

2024 நவம்பர். காலேஜுக்குப் பக்கத்து சர்வீஸ் ரோடு. யூ-டர்ன் போட அரை கிலோமீட்டர் சுத்தணுமேன்னு, நம்ம ஆளு ராங் ரூட்டுல பைக்கை விட்டான். எதிர்ல சைக்கிள்ல டீ கேன் வச்சு விக்கிற ஒரு பெரியவர். டமால்! கேன் உருண்டுச்சு. பெரியவருக்கு முழங்கையில மூணு தையல். ஒரு நல்ல காரியம் பண்ணினான்... ஓடலை. ஆட்டோ பிடிச்சு அவரை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போக, எஃப்.ஐ.ஆர். போட்டாங்க. பாரதிய நியாய சன்ஹிதா 281, அதாவது தாறுமாறா வண்டி ஓட்டினது. கூடவே 125(ஏ), அதனால காயம் ஏற்பட்டது. ரெண்டுமே ஜாமீன் தரக்கூடிய பிரிவு. ஸ்டேஷன்லயே ஜாமீன் கொடுத்து அனுப்பிட்டாங்க.

‘மேட்டர் ஓவர்டா மச்சி’ன்னு சந்தோஷமா பரோட்டா சாப்பிட்டோம். அதுதான் நாங்க பண்ணின முதல் தப்பு. ஸ்டேஷன்லேர்ந்து வெளியே வந்தா கேஸ் முடிஞ்சதா அர்த்தம் இல்லை பாஸ். அங்கேர்ந்துதான் கேஸே ஆரம்பம். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணுவாங்க, கோர்ட் அதுக்கு ஒரு நம்பர் கொடுக்கும், அப்புறம் சம்மன் வரும். 2025 பிப்ரவரியில ஒரு கான்ஸ்டபிள் ஹாஸ்டல் வாசல்ல நின்னு எங்க ஆளு பேரைக் கேட்டப்போ, வார்டன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

எந்த பேப்பர் எப்படி?

நடுவுல ஒரு சின்ன பிரேக். நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க. ஹெல்மெட் போடலைன்னு வர்ற சலானும், கோர்ட் சம்மனும் ஒண்ணு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்துல பல தப்புகளுக்கு 200-வது பிரிவுப்படி ஸ்பாட்லயோ ஆன்லைன்லயோ பணம் கட்டி சமாதானமா முடிச்சுக்கலாம். தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லேர்ந்து ஹெல்மெட் இல்லைன்னா 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000 ரூபாய். கட்டியாச்சுன்னா மேட்டர் அங்கேயே முடிஞ்சது.

ஆனா, தண்ணியடிச்சுட்டு வண்டி ஓட்டினா அந்த வழி கிடையாது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லி கிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா, 185-வது பிரிவு. கோர்ட்டுக்குப் போயே ஆகணும். முதல் தடவைன்னா 6 மாசம் வரை ஜெயில், இல்லைன்னா 10,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு காலேஜுக்கு நடுவுல சண்டைன்னா, சென்னையில ‘செவன்டி ஃபைவ்’ போடுவாங்க. சிட்டி போலீஸ் சட்டத்தோட 75-வது பிரிவு. ‘பெட்டி கேஸ்தானே’ன்னு அலட்சியமா சொல்வாங்க. பெட்டியோ பீரோவோ... கேஸ் கேஸ்தான்!

ஸோ, பேப்பர் கைக்கு வந்ததும் மூணு விஷயம் பாருங்க. எந்த கோர்ட், என்ன கேஸ் நம்பர், என்ன தேதி. சென்னையில எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன்னு பல இடத்துல மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் இருக்கு. எழும்பூர்ல நிக்க வேண்டியவன் சைதாப்பேட்டையில நின்னா, எழும்பூர்ல ‘ஆள் ஆப்சென்ட்’. தொடர்ந்து ஆப்சென்ட்னா, பிடிவாரன்ட்!

ரெண்டு கட்சி ஹாஸ்டல்

சம்மன் வந்த ராத்திரி எங்க ரூம்ல பொதுக்குழு கூடிச்சு. ஹாஸ்டல் ரெண்டா பிரிஞ்சுது.

முதல் கட்சி: ‘மச்சி, போனதும் தப்புத்தான் சார்னு ஒத்துக்கோ. ஃபைன் கட்டு. கிளம்பு. அஞ்சு நிமிஷ மேட்டர்.’

ரெண்டாவது கட்சி: ‘லூஸாடா நீ? இல்லைன்னு சொல்லு. அந்தப் பெரியவர் டீ விக்கிறவரு. பொழப்பை விட்டுட்டு சாட்சி சொல்லவா வரப்போறாரு? ரெண்டு வாய்தாவுல கேஸ் புஸ்ஸுனு போயிடும்.’

நான் எந்தக் கட்சின்னு கேக்குறீங்களா? வெட்கத்தை விட்டுச் சொல்றேன்... ரெண்டாவது கட்சி. அப்ப அது எனக்கு செம புத்திசாலித்தனமா தெரிஞ்சுது.

ரூம்மேட்டுக்கு இன்னொரு டென்ஷன். அவங்க அப்பா விவசாயக் கூலி. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், சம்மன் எதையுமே அவன் வீட்டுல சொல்லலை.

பத்தரை மணி... டவாலி குரல்!

கோர்ட் பத்தரைக்கு ஆரம்பம். நாங்க ஒன்பதே முக்காலுக்கே ஆஜர். வராண்டா முழுக்க கூட்டம். கறுப்பு கோட், காக்கி சட்டை, மடியில குழந்தையோட அம்மாக்கள், கை விலங்கோட ஒருத்தர், அவர் வாயில பிஸ்கட் ஊட்டிக்கிட்டிருந்த தங்கச்சி. சுவத்துல அன்னைக்கு எடுக்கப்போற வழக்குகளோட பட்டியல் ஒட்டியிருந்துச்சு. அதுல அவன் நம்பரைத் தேடினது, ரிசல்ட் போர்டுல ரெஜிஸ்டர் நம்பர் தேடின மாதிரியே இருந்துச்சு!

வாசல்ல சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் நிப்பார். அவர்தான் டவாலி. பேரை மூணு தடவை சத்தமா கூப்பிடுவார். அந்த மூணு தடவைக்குள்ள நீங்க உள்ளே இருக்கணும். ‘டீ குடிக்கப் போயிருந்தேன் சார்’ எல்லாம் செல்லாது. ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து கட்டு கட்டா பேப்பர் எடுத்துக் கொடுக்குறவர் பெஞ்ச் கிளார்க். ஸ்டேஷன்லேர்ந்து கேஸ் கட்டோட வர்றவர் கோர்ட் டியூட்டி கான்ஸ்டபிள். இந்த மூணு பேரைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும்.

பதினொண்ணே காலுக்கு எங்க ஆளு பேர் வந்துச்சு. கூண்டுல ஏறி நின்னான். போனை சைலன்ட்ல போட மறந்த நான் வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னேன்.

‘வக்கீல் வச்சிருக்கியாப்பா?’ - மாஜிஸ்திரேட் கேட்டார்.

‘இல்லைங்கய்யா.’

‘வைக்க வசதி இருக்கா? இல்லைன்னா இலவச சட்ட உதவிக்கு மனு கொடு.’

அவ்வளவுதான். குற்றப்பத்திரிகை, சாட்சிகளோட வாக்குமூலம் எல்லாத்தோட நகலையும் கையில கொடுத்து, அடுத்த தேதி போட்டாங்க. இந்த நகல் உங்க உரிமை பாஸ். காசு கிடையாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 230-வது பிரிவு. ‘என்மேல என்ன புகார்’னே படிக்காம ‘ஆமா’வும் சொல்லாதீங்க, ‘இல்லை’யும் சொல்லாதீங்க!

‘எதிரி வக்கீல்’ யாரு?

வெளியே வந்ததும் நான் ஒரு அறிவாளித்தனம் பண்ணினேன். கோர்ட் ஹாலை ஒட்டி ஒரு சின்ன ரூம். வாசல்ல ‘அரசு உதவி வழக்கறிஞர்’னு போர்டு. ‘எதிரி வக்கீல் இவர்தான். நல்லா பேசி கரெக்ட் பண்ணிடலாம்’னு உள்ளே போயிட்டேன். இடுப்பளவு உயரத்துக்கு கேஸ் கட்டுகள். நடுவுல கண்ணாடி போட்ட ஒரு சார்.

‘சார், என் ஃப்ரெண்டு கேஸ்...’

‘நீங்க யாரு? சாட்சியா?’

‘இல்ல சார், அக்யூஸ்டோட ரூம்மேட்.’

‘தம்பி, உங்க பக்கத்துக்காக நீங்க என்கிட்ட வந்து பேசக்கூடாது. உங்க வக்கீலை வரச் சொல்லுங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே வாசலைக் காட்டினார். பேப்பரை மடக்கிக்கிட்டே இன்னொண்ணும் சொன்னார்... ‘உங்க ஃப்ரெண்டை உள்ளே தள்ளுறது என் வேலை இல்லை. நடந்ததை கோர்ட்டுக்குக் காட்டுறதுதான் என் வேலை.’

அப்புறமா விசாரிச்சதுல புரிஞ்சுது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள்ல அரசு சார்பா கேஸ் நடத்துறவர் ஏ.பி.பி. தமிழ்நாட்டுல டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதி வர்ற அரசு ஊழியர். போலீஸ் வேற, இவர் வேற. அந்த கேஸை விசாரிச்ச போலீஸ்காரர் ஏ.பி.பி. இடத்துல உட்கார முடியாது. கொலை, கொள்ளைன்னு பெரிய கேஸ்கள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். சென்னையில அங்கே அரசுக்காக வாதாட, ‘சிட்டி பப்ளிக் பிராசிகியூட்டர்’னு தனியா ஒருத்தர் இருக்கார். அந்தப் பதவிக்குக் குறைஞ்சது ஏழு வருஷம் வக்கீலா இருந்திருக்கணும்.

முக்கியமான விஷயம் என்னன்னா, பாதிக்கப்பட்டவர் நீங்கன்னா, அந்த ரூம் உங்களுக்கான ரூம். உங்க செல்போன் திருட்டுப் போச்சு, உங்களை ஒருத்தன் ராகிங்ல அடிச்சான், பஸ்ல உங்ககிட்ட ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டான்... கேஸ் கோர்ட்டுக்கு வந்தா உங்களுக்காகப் பேசுறவர் ஏ.பி.பி.தான். அவருக்கு நீங்க ஒரு பைசா ஃபீஸ் தர வேண்டாம். சாட்சி சொல்ற நாள்ல கொஞ்சம் முன்னாடியே போய்ப் பார்த்தா, நீங்க என்ன சொல்லியிருந்தீங்கன்னு ஞாபகப்படுத்துவார். தனியா வக்கீல் வச்சுக்கலாம். ஆனா அவர் ஏ.பி.பி.க்கு உதவிதான் பண்ண முடியும். கேஸை நடத்துறவர் ஏ.பி.பி.

‘இல்லைங்கய்யா!’

சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுத்தோம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்குறவங்க எல்லாருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. மத்தவங்களுக்கு வருமான வரம்பு. எங்க ஆளுக்கு அப்பாவோட வருமானச் சான்றிதழ் போதுமானதா இருந்துச்சு. ஒரு வக்கீல் மேடம் வந்தாங்க. ‘இலவசம்னா ஏனோதானோன்னு இருப்பாங்க’ன்னு நினைச்சோம். உட்கார வச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாங்க.

‘எந்தப் பக்கமா போனே?’

நம்ம ஆளு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ‘சரியான பக்கம்தான் மேடம். அவர்தான் குறுக்க வந்துட்டார்’னான்.

ஏப்ரல்ல கூண்டுல ஏறினான். ‘குற்றத்தை ஒப்புக்கறியா?’ ‘இல்லைங்கய்யா.’ சாட்சி விசாரணைக்குத் தேதி போட்டாங்க. ராத்திரி ஹாஸ்டல்ல ரெண்டாவது கட்சிக்கு வெற்றி விழா. நான்தான் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

டீ கேன் இல்லாத பெரியவர்

ஜூன். சாட்சி விசாரணை. பெரியவர் வரமாட்டார்னு தெனாவெட்டா போனோம். வராண்டா பெஞ்சுல வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு. எங்களுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். ரூம்மேட்டைப் பார்த்துட்டு, ‘தம்பி, நல்லா இருக்கியா? படிப்பெல்லாம் எப்படிப் போகுது?’ன்னு கேட்டார். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அன்னைக்கு மாஜிஸ்திரேட் லீவு. பன்னெண்டு மணிக்கு வாய்தா. பெரியவர் எழுந்து, துண்டை உதறிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

ஜூலை. மறுபடி அதே பெஞ்ச், அதே வெள்ளைச் சட்டை. மத்தியானம் வரைக்கும் வேற கேஸ் ஓடுச்சு. நான் ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ணை அவர்கிட்ட நீட்டினேன். ஒரு வாய் குடிச்சுட்டு, ‘இஞ்சி கம்மி’ன்னு சிரிச்சார். அப்புறம் அவராவே பேசினார்.

‘கோர்ட்டுக்கு வந்தா அன்னைக்கு வியாபாரம் போச்சு தம்பி. பாலு முந்தின நாளே சொல்லி வைக்கணும். அந்த கேன் நசுங்கினதுல சூடு நிக்க மாட்டேங்குது. புதுசு வாங்கணும். நீங்க படிக்கிற பசங்க... உங்களுக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னுதான் நான் கேஸே வேணாம்னேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவங்களே எழுதி அனுப்பிட்டாங்க. கூப்பிட்டா வரணும்ல?’

‘சாட்சி வரமாட்டான்’கிற எங்க ஐடியாவுக்கு அர்த்தம் என்னன்னு அப்பத்தான் உறைச்சுது. அவரோட ஒரு நாள் பொழப்பைப் பணயமா வச்சு நாங்க சீட்டாடிக்கிட்டிருந்தோம். அவர் சோர்ந்து போய் வராம இருக்கணும், நாங்க ஜெயிக்கணும். இதுக்குப் பேர் புத்திசாலித்தனமா?

ரூம்மேட் எழுந்தான். நேரா வக்கீல் மேடம்கிட்ட போனான். ‘மேடம், நான் ராங் ரூட்டுல வந்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.’

மேடம் திட்டுவாங்கன்னு நினைச்சேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. ‘முதல் நாளே சொல்லியிருந்தா அந்தப் பெரியவரை ரெண்டு தடவை அலைய விட்டிருக்க வேண்டாமே தம்பி’ன்னாங்க. திட்டியிருந்தாலே தேவலைன்னு இருந்துச்சு.

அஞ்சு நிமிஷ மேட்டர் இல்லை!

‘சரி மேடம், இப்பவே போய் ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடறான்’னு நான் முதல் கட்சிக்குத் தாவினேன். ‘அதுவும் தப்பு’ன்னாங்க மேடம். அன்னைக்கு அவங்க சொன்னதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பாகம். கொஞ்சம் கவனமா படிங்க.

கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுறது, ஸ்பாட் ஃபைன் மாதிரி இல்லை. நூறு ரூபாய் கட்டினாலும் அது தண்டனை. ‘குற்றவாளி’ன்னு தீர்ப்பு. நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, ‘உங்கள்மீது குற்ற வழக்கு உண்டா? தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?’ன்னு ஒரு கேள்வி வரும். அரசு வேலை, போலீஸ் வேலைன்னா கட்டாயம் வரும். பல பேர் ‘அது சும்மா ஃபைன்தானே’ன்னு ‘இல்லை’ன்னு டிக் அடிச்சுடறாங்க. சரிபார்ப்புல மாட்டினா, கேஸைவிட அந்தப் பொய்தான் பெரிய வில்லன். அவதார் சிங் வழக்குல 2016-ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாவே சொல்லியிருக்கு. சின்ன வயசுல பண்ணின அற்பமான தப்பை வேலை கொடுக்கிறவர் மன்னிக்கலாம். ஆனா, விண்ணப்பத்துல கொடுக்கிற தகவல் உண்மையா இருக்கணும்.

‘அப்ப கேஸை நடத்திக்கிட்டே இருந்தா?’ அதுலயும் சிக்கல். கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா, பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவுப்படி பாஸ்போர்ட் மறுக்கலாம். கேஸ் நடக்குற கோர்ட்லேயே அனுமதி உத்தரவு வாங்கினா கிடைக்கும். எம்.எஸ். படிக்க ஃபாரின் போற கனவு உள்ளவங்க குறிச்சுக்கங்க.

‘பெரியவர்தான் மன்னிச்சுட்டாரே, சமாதானமா போயிடலாமே?’ காயம் சம்பந்தமான பிரிவுக்கு, காயம்பட்டவர் சம்மதிச்சா சமரசத்துக்கு வழி இருக்கு. ஆனா 281 சமரசப் பட்டியல்லேயே இல்லை. ரோட்டுல தாறுமாறா ஓட்டினது அந்த ஒருத்தருக்கு மட்டும் பண்ணின தப்பு இல்லையாம். ரோட்டுல போற எல்லாருக்கும் பண்ணின தப்பாம். யோசிச்சா நியாயம்தானே?

21 வயசுக்குள்ளேயா? இதைப் படிங்க!

பொய் சொல்லக் கூடாது, ஃபியூச்சரும் போகக் கூடாது. வழி என்ன? மேடம் ஒரு பழைய சட்டத்தோட பேர் சொன்னாங்க. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. நம்ம தாத்தா காலத்துச் சட்டம். ஆனா நமக்காகவே எழுதின மாதிரி இருக்கு.

3-வது பிரிவு: ரெண்டு வருஷத்துக்கு மேல தண்டனை இல்லாத குற்றம், முன்னாடி தண்டனை எதுவும் இல்லைன்னா, கோர்ட் தண்டனை தராம, கண்டிச்சு விட்டுடலாம். 6-வது பிரிவு: 21 வயசுக்குக் கீழே இருக்கிறவரை, ஆயுள் தண்டனை வரைக்கும் போகாத குற்றத்துக்கு, சும்மா ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. ‘ஏன் கண்டிப்போ நன்னடத்தையோ போதாது’ன்னு ஜட்ஜ் காரணம் எழுதணும். 12-வது பிரிவு: இப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால வர்ற தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. 5-வது பிரிவுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம்!

உடனே ‘சூப்பர், இனி ராங் ரூட்தான்’னு கிளம்பிடாதீங்க. இது கேட்டா கிடைக்கிற பிரசாதம் இல்லை. ஜட்ஜ் மனசு வச்சாத்தான். வண்டி மோதி உயிர் போன கேஸ்ல இந்தச் சட்டத்தைக் காட்டிச் சலுகை தரக்கூடாதுன்னு 2000-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்தப் பெரியவர் கையை ஊன்றி விழுந்தார்... தலை அடிபட்டிருந்தா? அதை நினைச்சா எங்களுக்கு இன்னும் வயிறு கலங்குது.

ஊருக்குப் போன போன்

ஒப்புதல் மனு போட்டதும், மாஜிஸ்திரேட் நன்னடத்தை அலுவலர்கிட்ட அறிக்கை கேட்டார். அவர் ஹாஸ்டலுக்கு வந்தார். வார்டன்கிட்ட பேசினார், என்கிட்டயும் பேசினார். கடைசியா, ‘அப்பா நம்பர் கொடுங்க’ன்னார்.

‘சார், நானே முதல்ல சொல்லிக்கிறேன்’னான் ரூம்மேட். மொட்டை மாடிக்குப் போய் போன் பண்ணினான். இருபது நிமிஷம் கழிச்சு வந்தான். ‘என்னடா சொன்னார்?’னேன். ‘அந்த டீக்காரர் கை இப்ப மடக்க முடியுதான்னு கேட்டார்’னான். அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை.

ஆகஸ்ட்ல கடைசி தேதி. ஏ.பி.பி. சார் எழுந்தார். ‘காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது இவர்தான். முன் வழக்கு எதுவும் இல்லை. அரசுத் தரப்பில் ஆட்சேபணை இல்லை’ன்னு மூணு வரி. உள்ளே தள்ளுறது என் வேலை இல்லைன்னு அன்னைக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு. மாஜிஸ்திரேட் கண்டிச்சு விடுவிச்சார். பெரியவருக்கு 6,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். ‘ராங் ரூட்டுல மிச்சமானது எவ்வளவு நேரம்?’னு கேட்டார். ‘ரெண்டு நிமிஷம்ங்கய்யா’ன்னான். கோர்ட்ல யாரும் சிரிக்கலை.

அந்த ரெண்டு நிமிஷத்துக்கு ஆறு மாசம், அஞ்சு வாய்தா. பெரியவருக்கு ரெண்டு நாள் பொழப்பு. நாளைக்கு ஏதாவது விண்ணப்பத்துல அந்தக் கேள்வி வந்தா, நடந்ததை நடந்தபடி எழுதப்போறதா ரூம்மேட் சொல்லிட்டான். தீர்ப்போட நகலுக்கு அன்னைக்கே மனு போட்டு வாங்கி, மார்க் ஷீட் ஃபைல்லேயே வச்சிருக்கான்.

ஆறாயிரத்தைப் புரட்ட அவன் வார லீவுல ஒரு கேட்டரிங்ல சர்வர் வேலை பார்த்தான். ஹாஸ்டல்ல ரெண்டு கட்சியும் சேர்ந்து புது கேனுக்குக் காசு போட்டோம். நான் கொஞ்சம் அதிகமாவே போட்டேன். என் வக்கீல் வேலைக்கான ஃபைன் அது!

பெரியவர் இப்பவும் அதே சர்வீஸ் ரோட்டுலதான் சைக்கிள்ல வர்றார். இஞ்சி தூக்கல்!

போறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷம்!

* சம்மனையும் அடையாள அட்டையையும் மறக்காதீங்க. நகல் எடுத்து ஃபைல் போட்டுக்கங்க. பத்து மணிக்கே போயிடுங்க.

* ‘இ-கோர்ட்ஸ்’ ஆப்ல உங்க கேஸோட 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டா அடுத்த தேதி தெரியும். ‘தேதி தெரியலை சார்’ இனி எடுபடாது.

* பரீட்சை அன்னைக்கே வாய்தாவா? முன்கூட்டியே வக்கீல்கிட்ட ஹால் டிக்கெட் நகல் கொடுங்க. அன்னைக்கு மட்டும் ஆஜராகாம இருக்க மனு போடலாம். கோர்ட் வராண்டாவுல அதை இன்னும் ‘த்ரீ செவன்டீன் பெட்டிஷன்’னுதான் சொல்றாங்க. 2024 ஜூலை 1-லேர்ந்து வந்த புதுச் சட்டத்துல அது 355-வது பிரிவு.

* வக்கீலுக்கு வசதி இல்லையா? 15100-க்கு போன் போடுங்க. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவோட இலவச உதவி எண்.

* புகார் கொடுத்தவர் நீங்களா? எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். 90 நாளுக்குள்ள விசாரணை எந்த நிலையில இருக்குன்னு போலீஸ் உங்களுக்குச் சொல்லணும்.

* சாட்சியா போறீங்களா? அரசுத் தரப்பு சாட்சிக்குப் பேட்டா கேட்கலாம். எங்க பெரியவருக்கு இது தெரியாது. உங்க ஏரியாவுல யாராவது கோர்ட்டுக்குப் போறாங்கன்னா, இதை அவங்களுக்குச் சொல்லுங்க.

* உங்க வக்கீல்கிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க. அது அனுபவப்பட்டவன் வாக்கு!